உயரமும் நெடுமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



சமய மன்றமொன்றின் மேடையிலே விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்திற்கு எழுந்தருளி இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தைப் பற்றிப் பேசினார் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூருகின்றோம். அந்த விவேகானந்தரே, இளைஞருக்கு முதலில் வேண்டியது உடல்வலிமை என்று பன்முறை வற்புறுத்தியவர். எங்கள் திருமூல நாயனாரும் உடம்பை இழிந்ததென்று தள்ளச் சொன்னவர் அல்லர். அதனுள்ளே உறைகின்ற பொருளைக் கண்டபின் அதனைப் பேணிக் காத்தவர். ஆதலினால், உடலைப் பழக்கி, பழக்கியதை ஆண்டுக்கணக்காய்க் காத்துவந்த ஒருவரைப் பற்றி இம்மேடையிலே பேசுவதில் தவறொன்றும் இல்லை என்றே நாம் கருதுகின்றோம்.

அவர் ஒரு பெண்மணி. எமது குடாநாட்டிலே, புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினை என்னும் கிராமத்திலிருந்து புறப்பட்டவர். பெயர் தர்ஜினி சிவலிங்கம். அவரது உயரம் 6 அடி 10 அங்குலம், அதாவது 208 சதமமீற்றர். வலைப்பந்தாட்ட உலகிலே அவரைப்போல் உயர்ந்த வீராங்கனை வேறொருவர் இல்லை என்று சொல்லப்படுகின்றது. பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்பொழுதெல்லாம் இந்த உயரத்தையே முதலிலே எழுதின. ஆனால் இன்று நாம் பேசவிரும்புவது அவருடைய உயரத்தைப் பற்றி அன்று. அவருடைய நெடுமையைப் பற்றி. உயரம் பிறப்போடு வந்தது. நெடுமையோ, ஆண்டுக்கு ஆண்டு, காலைக்குக் காலை, அவர் தாமே உண்டாக்கிக்கொண்டது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாத வரையில் எமது பிள்ளைகளின் ஆற்றலை நாம் சரியாக அளக்கமாட்டோம்.

முதலிலே இந்த ஆட்டத்தின் இயல்பைச் சற்றே பார்ப்போம். பெரியோர்களுள் பலர் பாடசாலை மைதானத்தின் ஓரத்திலே இரண்டு கம்பங்களையும் அவற்றின் உச்சியிலே இரும்பு வளையங்களையும் கண்டிருப்பீர்கள். ஆட்டத்தின் விதிகளைக் கவனித்திருக்கமாட்டீர்கள். ஒரு பக்கத்திற்கு எழுவர். ஆடுகளம் 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்டது. வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கின்றது. கூடைப்பந்தாட்டத்திற் போல வளையத்தின் பின்னே பலகை கிடையாது; பந்தைப் பலகையிலே மோதவிட்டு உள்ளே விழுத்தும் வசதி இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. மூன்று விநாடிக்குள்ளே எறிந்துவிடவேண்டும். எழுவரும் எங்கும் செல்லவும் இயலாது. ஒவ்வொருவருக்கும் வரையறுக்கப்பட்ட பகுதி உண்டு. கம்பத்தைச் சுற்றிய அரைவட்டத்தினுள்ளே நின்று வளையத்தை நோக்கி எறியும் உரிமை எழுவரில் இருவருக்கு மாத்திரமே உரியது.

இங்கிலாந்திலே பிறந்த இவ்வாட்டம் ஆங்கில ஆட்சிக்காலத்திலே மகளிர் பாடசாலைகளின் வழியாக எங்கள் தீவுக்கு வந்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குவதற்காகப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டிலே ஒன்றுகூடியது இந்த இலங்கையிலேதான். இன்றுள்ள உலக வலைப்பந்தாட்ட அமைப்பு அங்கேதான் உருவாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின், 1963இல், இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நிகழ்ந்த முதலாவது உலகப் போட்டியிலே இலங்கையும் பங்குபற்றியது. ஆகவே இவ்வாட்டம் எமக்கு அந்நியமானது என்று எவரும் சொல்லுதற்கில்லை. எனினும் இஃது ஒலிம்பிக் போட்டிகளிலே ஒருகாலும் இடம்பெற்றதில்லை. இதிலே பெரும் பணமும் இல்லை. கிரிக்கெட் வீரனுக்குக் கிடைக்கும் புகழிலே நூறில் ஒரு பங்கும் இல்லை. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பணத்தையும் புகழையும் எண்ணி ஒருவர் இவ்வாட்டத்திலே பதினைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கமாட்டார்.

இனி, உயரம் உள்ளவருக்கு இவ்வாட்டம் எளிதல்லவா என்று கேட்கலாம். வளையமோ 10 அடி. இவரோ ஏறத்தாழ 7 அடி. கையை உயர்த்தினாற் போதுமே என்று வேலிக்கு வெளியே நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். உண்மை அப்படியன்று. உயர்ந்த ஒருவர் வட்டத்தினுள்ளே நிற்கின்றார் என்றால் எதிரணி சும்மா இருப்பதில்லை. ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்று இருவர் அவரைச் சூழ்வர். பந்து அவரது கையை அடையுமுன் வட்டத்தின் விளிம்பிலேயே அதனை மறிப்பர். அந்த நெருக்கத்தினிடையே, எவரையும் இடித்துத் தள்ளாமல், தன் இடத்தைக் காலடியாலும் முதுகாலும் காத்துக்கொண்டு, மேலே வருகின்ற பந்தைப் பிடித்து, உடல் தளும்பாமல் நிமிர்ந்து, மூன்று விநாடிக்குள்ளே எறியவேண்டும். பலகை இல்லாத வளையத்தினுள்ளே பந்து செல்வதற்குக் கையின் பழக்கமே துணை. அந்தப் பழக்கம், ஆட்டம் இல்லாத நாட்களிலே தனியே நின்று பல்லாயிரம் தடவை எறிந்து பெறப்படுவது.

இன்னொன்றும் உண்டு. பந்தைப் பிடித்தவர் ஓடமுடியாது என்பதனால், விரைந்து வந்தவர் திடீரென நிற்கவேண்டியிருக்கின்றது. ஒவ்வொரு முறையும் முழங்காலும் கணைக்காலும் உடலின் பாரம் முழுவதையும் தாங்குகின்றன. நெடிய உடம்புக்கு இந்தப் பாரம் அதிகம். பிறர் ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் இந்த ஆட்டத்திலே நெடிய உடம்பொன்று நீண்டகாலம் நின்றதென்றால், அஃது உயரத்தினால் நிகழ்ந்தது அன்று; உயரம் தந்த சுமையையும் தாங்கி நிகழ்ந்தது.

தர்ஜினியின் ஆட்டக்காலத்தை ஆண்டுகளால் அளந்து பார்ப்போம். 2009ஆம் ஆண்டிலே ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபொழுது அவர் அணியிலே இருந்தார். 2011இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த உலகப் போட்டியிலே மிகச் சிறந்த கோல் எறிவாளர் என்ற மதிப்பைப் பெற்றார். அதன்பின் ஆசியக் கிண்ணம் இலங்கையின் கையை விட்டு நழுவிற்று. ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2018 செப்டம்பரில், அதே சிங்கப்பூரில், இலங்கை அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இறுதியாட்டத்தை அடைந்து, 69க்கு 50 என்ற கணக்கிலே சிங்கப்பூரை வென்று கிண்ணத்தை மீட்டது. அந்த மீட்சியின் நடுத்தூணாக வட்டத்தினுள்ளே நின்றவர் தர்ஜினி. அவ்வணியிலே எழிலேந்தினி சேதுகாவலர் என்னும் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இடம்பெற்றிருந்தார் என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகின்றோம்.

2019இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகப் போட்டி. அங்கும் கோல் எறிந்தவர்களின் முன்வரிசையிலே அவருடைய பெயர் நின்றது. 2022 செப்டம்பர் 11ஆம் திகதி, நாடு முழுவதும் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த அந்த ஆண்டிலே, சிங்கப்பூரில் மீண்டும் ஓர் இறுதியாட்டம். 63க்கு 53 என்று இலங்கை வென்றது. அதே நாளில் துபாயிலே கிரிக்கெட் அணியும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. ஒரே நாளில் இரண்டு கிண்ணங்கள். நாற்பது வயதைக் கடந்த தர்ஜினி அந்த அணியிலும் இருந்தார். 2023இல் தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியிலும் ஆடினார். 2009இலிருந்து எண்ணினாலும் பதினான்கு ஆண்டுகள். மூன்று ஆசியக் கிண்ணங்கள். அவருடன் 2009இல் ஆடிய தோழியர் எத்தனையோ பேர் ஆட்டத்தை விட்டு நீங்கினர். 2022இல் அவரோடு ஆடியவர்களுட் சிலர் 2009இலே பாடசாலைச் சிறுமியராக இருந்தவர்கள்.

வெற்றிகளை மாத்திரம் சொல்லிப் போவது முறையன்று. 2019 உலகப் போட்டியிலே பதினாறு நாடுகள் பங்குபற்றின. இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாம் இடம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, யமேக்கா முதலிய நாடுகளின் அணிகளோடு எமது அணி இன்னும் சமமாக நிற்கவில்லை. ஆசியாவிலே முதலிடம் பெற்ற அதே கைகள் உலக அரங்கிலே தோல்விக்குமேல் தோல்வியையும் ஏந்தின. தோற்கப்போகும் ஆட்டத்திலும் அதே நிதானத்தோடு பந்தைப் பிடித்து, அதே கவனத்தோடு எறிந்து, ஆட்டம் முடிந்தபின் வென்றவரோடு கைகுலுக்கி, மறுநாட் காலையிலே பயிற்சிக்குச் செல்வதற்கு வேண்டிய மனம் எங்கிருந்து வருகின்றது? வெற்றியை மாத்திரம் விரும்பியவரிடத்தில் அம்மனம் இருக்கமுடியாது. செய்கின்ற தொழிலை விரும்பியவரிடத்திலேயே இருக்கும். பயனைப் பற்றாது கடமையைச் செய்தல் என்று நாம் கீதை வகுப்பிலே கேட்கின்றோமே, அதன் பொருளை ஆடுகளத்திலும் காணலாம்.

அவர் நடந்த பாதையும் நேரான பாதையன்று. யாழ்ப்பாணத்திற்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தேசிய அணியின் பயிற்சியெல்லாம் தெற்கிலேதான். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின் குடாநாட்டு மக்கள் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருந்த காலத்தை இங்கிருக்கும் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரிலே. அத்தகைய ஆண்டுகளிலே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கல்வி பயின்ற ஒரு தமிழ்ப் பெண், பெரும்பாலும் சிங்களம் பேசுகின்ற அணியொன்றிலே தன் இடத்தைத் தேடிக்கொண்டார். பின்னாளிலே அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் கழக அணிக்காகவும் ஆடினார். ஊர் மாறிற்று, மொழி மாறிற்று, உணவு மாறிற்று. மாறாதது 10 அடி உயரத்திலிருந்த அந்த வளையம் ஒன்றே.

வேறு மொழி பேசும் ஆறு தோழியர் தந்த பந்தையே அவர் வளையத்தினுள்ளே இட்டார் என்பதும் சிந்திக்கத்தக்கது. எங்கள் கோயில்களிலே தேர்த்திருவிழாவன்று தூரத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தேரின் முடிதான் தெரியும். வடத்தைப் பிடித்து இழுக்கும் கைகள் தெரியமாட்டா. ஆடுகளத்தின் மறுமுனையிலே பந்தைப் பறித்தவர், அதனை நடுக்களத்திற்குக் கொணர்ந்தவர், எதிரியின் கைகளுக்கு மேலாக அளந்து எறிந்தவர் ஆகிய அனைவரும் வடம் பிடித்தவர்களே. உயர்ந்து நிற்பவர் அதனை மறவாதிருந்தால் மாத்திரமே பல்லாண்டு காலம் அணியொன்றிலே ஒன்றியிருக்க முடியும். தனித்து நிற்கும் கர்வம் உள்ளவரை அணி தானே கழற்றிவிடும்.

இவ்வகையான நெடுமை எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. உலகின் மறுகோடியிலிருந்து ஓர் உதாரணம் கூறுவோம். இத்தாலி நாட்டிலே பிரான்செஸ்கா லொலோபிரிஜிடா என்றொரு பெண்மணி. உறைந்த பனித்தளத்தின்மீது, இரும்பு அலகு பொருத்திய காலணியோடு விரைந்து சறுக்கிச் செல்வது அவர் துறை. பனியை வெண்மணல் போலப் படத்திலே மாத்திரம் கண்ட எமக்கு அது விந்தையான விளையாட்டுத்தான். ஆனால் அவரும் பனியிலே தொடங்கியவர் அல்லர். சில்லுப் பூட்டிய காலணியோடு தரையிலே ஓடிப் பழகி, அதிலே பலமுறை உலகப் பட்டங்களை வென்று, பின்னரே பனித்தளத்திற்குச் சென்றவர். 2014ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டியிலே ஆடினார், பதக்கம் இல்லை. 2018இல் மீண்டும் சென்றார், அப்பொழுதும் இல்லை. 2022இல், பீஜிங் நகரிலே, 3000 மீற்றரில் வெள்ளியும் கூட்ட ஓட்டத்திலே வெண்கலமும் கிடைத்தன. 2023இல் ஒரு மகனுக்குத் தாயானார். இனி ஓய்ந்துவிடுவார் என்று பலர் நினைத்திருக்கக் கூடும். அவரோ திரும்பிவந்து 2025இல் 5000 மீற்றரிலே உலக வாகையைச் சூடினார். முதல் ஒலிம்பிக் பதக்கத்திற்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்; குழந்தை பெற்றபின் உலகின் முதலிடத்தை அடைந்தவர். பெண்ணொருத்தியின் ஆட்டக்காலம் திருமணத்தோடு முடிந்துவிடும் என்று தீர்ப்புக் கூறுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

படிப்புக் கெட்டுப்போகுமே என்று சொல்லும் பெற்றாருக்கும் ஒரு விடை உண்டு. அதற்கு இத்தாலிக்குப் போகவேண்டியதில்லை. எமது பெரியவிளானுக்குப் போனாற் போதும். அவ்வூரிலே பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள், 1952இலே ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாயச் சென்றபொழுது அவருக்கு வயது பதினேழு. 1954இல் மணிலாவிலே நிகழ்ந்த ஆசிய விளையாட்டிலிருந்து பதக்கமின்றித் திரும்பினார். 1956இல் மெல்பேணில் இரண்டாவது ஒலிம்பிக். 1958இல் தோக்கியோ நகரிலே 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டிலே இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. ஹெல்சிங்கியிலே முதலிடம் பெற்ற அமெரிக்கரின் பாய்ச்சல் 2.04 மீற்றர் என்பதை ஒப்புநோக்கினால், இவரது பாய்ச்சலின் தரம் விளங்கும். 1962இல் ஜகார்த்தாவிலே வெள்ளி. இத்தனைக்கும் இடையிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே கலாநிதியாகி, சியரா லியோன், பப்புவா நியூகினி ஆகிய நாடுகளிலே ஆசிரியப் பணி புரிந்து, யுனெஸ்கோவிலும் கடமையாற்றினார். 2024 ஏப்ரலில், தமது 89ஆவது வயதிலே இறைவனடி சேர்ந்தார். உயரம் பாய்ந்ததனால் அவருடைய கல்வி தாழ்ந்ததா? தவறவிட்ட பாய்ச்சலுக்குப் பின் மீண்டும் ஓடிவரும் பழக்கமே, பிழைத்த கணக்கை மீண்டும் செய்யும் பழக்கமாகவும் அமைந்தது என்று கொள்வதே பொருத்தம்.

பெரியோர்களே, இப்பொழுது உங்களை நோக்கி நேரே ஒரு சில வார்த்தைகள் சொல்ல அனுமதிக்கவேண்டும். எங்கள் ஊர்களிலே பெண்பிள்ளை ஒருத்தி சற்று உயரமாக வளர்ந்துவிட்டால் என்ன சொல்லுகின்றோம்? “பனை மாதிரி வளர்ந்திட்டாள், இவளுக்கு எங்கை போய் மாப்பிள்ளை தேடுறது?” என்று அவள் காதுபடவே சொல்லுகின்றோம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தோளைக் குறுக்கிக் கூனி நடக்கப் பழகிய பிள்ளைகள் எத்தனை பேர்! பனையை எங்கள் நாட்டின் கற்பகதரு என்று மேடைகளிலே போற்றுகின்றோம்; பிள்ளையைப் பனை என்னும்பொழுது மாத்திரம் அது வசையாகிவிடுகின்றது. ஈவினையிலிருந்து புறப்பட்ட அந்தப் பெண் நிமிர்ந்து நடந்தபடியாலேயே நாம் இன்று அவரைப் பற்றிப் பேசுகின்றோம்.

உயரத்தின் கதை இது. நெடுமையின் கதை இதனிலும் துயரமானது. பதினொரு வயதிலே பாடசாலை அணியிலே மான்போல ஓடிய சிறுமி, பெரியபிள்ளையானதும் மைதானத்திலிருந்து மறைந்துவிடுகின்றாள். மறைந்ததன் காரணத்தை எவரும் கேட்பதில்லை. சாதாரணதரப் பரீட்சை வந்தால் ஆண்பிள்ளைகளும் மறைந்துவிடுகின்றார்கள். காலையிலே ரியூசன், பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். பரீட்சை முக்கியமே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாளொன்றிலே ஒரு மணித்தியாலம் ஓடியாடிய பிள்ளை பரீட்சையிலே தவறிவிடும் என்று யார் நிறுவினார்கள்? நெடுமைக்கு வேண்டியது பெரும்பணம் அன்று, இடைமுறியாமை ஒன்றே. நாங்களே நடுவிலே முறித்துவிட்டு, எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்று பின்னர் அங்கலாய்ப்பது நியாயமா?

“வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதா” என்று எங்களவர் சொல்லுவதுண்டு. பொறுமையில்லாதவன் வாயிலிருந்து வரும் பேச்சு அது. சைவ மன்றத்திலே கள்ளைப் பற்றிப் பேசுவது முறையன்று. ஆகவே கருப்பநீர் என்று வைத்துக்கொள்வோம். வடலியை நட்டவன் மறுவருடம் பாளையைத் தேடினால் ஏமாறுவான். காத்திருந்தவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அது தலைமுறைக்குப் பயன் தரும். விளையாட்டும் அத்தகையதே. ஒரு வருடம் பழகிவிட்டு, மாவட்ட அணியிலே இடம் கிடைக்கவில்லை என்று பந்தை எறிந்துவிட்டுப் போகும் இளைஞர்களுக்கும் இதனையே சொல்லுகின்றோம். இளைஞர்களே, கைபேசியிலே ஒரு நிமிடம் ஓடும் படத்திலே ஒரு பாய்ச்சலையும் ஒரு கோலையும் காண்கின்றீர்கள். அந்த ஒரு நிமிடத்தின் பின்னே பத்து வருடங்கள் நிற்பது படத்திலே தெரியாது. பார்ப்பதற்கு எவரும் இல்லாத மைதானத்திலே, கைதட்டுவதற்கு எவரும் இல்லாத மாலைகளிலே நிகழ்ந்த வேலை அது. அதனை விரும்பாதவருக்கு மற்றையது கிட்டாது.

பேச்சோடு நின்றுவிடுவது சங்கத்திற்கு அழகன்று. எமது சங்க மைதானத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பின்னேரம் நான்கு மணி தொடக்கம் இருட்டும் வரை உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் ஆடுகின்றோம். ஆடுபவர் அனைவரும் ஆண்கள். மைதானத்தை அமைத்தபொழுது தாய்மாரும் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். அவர்களுடைய புத்திரிகளோ வேலிக்கு வெளியே நிற்கின்றார்கள். ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பெரியோர் முன்னிலையிலே வைக்கின்றோம். முதலாவது, வாரத்திலே இரண்டு பின்னேரங்களை மகளிருக்கென்று ஒதுக்கவேண்டும். அந்த நாட்களிலே நாம் விலகி நின்று, வேண்டின் பந்து பொறுக்கிக் கொடுக்கவும் பின்னிற்கக் கூடாது. இரண்டாவது, மைதானத்தின் கிழக்கு ஓரத்திலே இரண்டு கம்பங்களை நாட்டவேண்டும். 10 அடி இரும்புக் குழாய் இரண்டும் வளையம் இரண்டும் சீமெந்தும் ஆகும் செலவு, எங்கள் ஆண்டு விழாவின் ஒலிபெருக்கிச் செலவைவிட அதிகமாகாது. மூன்றாவது, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடு தாய்மாரோ மூத்த சகோதரிகளோ உடனிருக்கவும், பொழுது படுமுன் அவர்கள் வீடு சேரவும் ஒழுங்கு செய்யவேண்டும். பெற்றாரின் அச்சத்தை இகழ்வதனாலே ஒன்றும் ஆகாது. அச்சத்திற்கு இடமில்லாமற் செய்வதே எமது கடமை.

இம்மூன்றும் நிறைவேறினால் அடுத்த ஆண்டே எங்கள் ஊரிலிருந்து தேசிய வீராங்கனை தோன்றிவிடுவாள் என்று நாம் சொல்லவில்லை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலே கோலூன்றிப் பாயப் பழகிய அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தாரென்றால், அதற்கு முன்னே அந்த மைதானத்திலே பெண்பிள்ளைகள் பாயலாம் என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. வழக்கம்தான் முதலிலே வேண்டும். நூறு பிள்ளைகள் ஆடினால் ஒருத்தி நாட்டுக்காக ஆடுவாள். ஏனைய தொண்ணூற்றொன்பது பேரும் நிமிர்ந்து நடப்பார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது பேருக்காகவும்தான் நாம் கேட்கின்றோம்.

வளையத்தின் உயரம் எல்லோருக்கும் ஒன்றே. ஈவினைப் பிள்ளைக்கும் 10 அடி. லிவர்பூலிலும் 10 அடி. கேப்ரவுணிலும் 10 அடி. நாளை எங்கள் மைதானத்தின் கிழக்கு ஓரத்திலே நாட்டப்போகும் கம்பத்திலும் அதே 10 அடிதான். அதன் கீழே வந்து நிற்கப்போகும் பிள்ளை குட்டையாகவும் இருக்கலாம், நெட்டையாகவும் இருக்கலாம். அவள் எத்தனை ஆண்டு அங்கே நிற்பாள் என்பது அவளுடைய உள்ளத்தையும் எங்களுடைய நடத்தையையும் பொறுத்தது. அதற்கு வேண்டிய நல்ல மனத்தை எல்லாம்வல்ல இறைவன் எமக்கு அருள்வானாக என்று வேண்டி அமைகின்றோம்.